பிரான்ஸ் கிராமங்களின் இடைக்காலக் கோட்டைகள்: எங்கே இருக்கின்றன, எப்படிப் பார்ப்பது, யார் பணத்தில் நிற்கின்றன?

பிரான்ஸ் சுற்றுலா என்றால் ஈபிள் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், ஒரு படகுச் சவாரி. பலருடைய பயணத் திட்டம் பாரிஸில் தொடங்கி பாரிஸிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நாட்டின் இடைக்கால வரலாறு பெரும்பாலும் பாரிஸுக்கு வெளியே, சில நூறு பேர் மட்டுமே வாழும் சின்னச் சின்ன ஊர்களில் இருக்கிறது.

சில எண்களைப் பார்ப்போம். பிரான்ஸில் சுமார் 35,000 உள்ளாட்சிகள் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு 'கொம்யூன்' என்று பெயர். சட்டப் பாதுகாப்பு பெற்ற வரலாற்றுச் சின்னங்கள் சுமார் 45,000. ஒப்பிட்டுப் பார்க்க, இந்தியத் தொல்லியல் துறையின் நேரடிப் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் சுமார் 3,700. மாநில அரசுகளின் பட்டியல் இதில் சேராது.

இத்தனை கோட்டைகளும் தேவாலயங்களும் எப்படி இன்னும் நிற்கின்றன? கூரை ஒழுகினால் யார் செலவு செய்கிறார்கள்? 600 பேர் வாழும் ஊருக்கு லட்சக்கணக்கானோர் வந்தால் அந்த ஊர் என்ன ஆகும்? போக நினைப்பவர்களும், வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் அறிய வேண்டிய விஷயங்கள் இங்கே.

'ஷாத்தோ' என்றால் கோட்டையா, அரண்மனையா?

இரண்டும்தான். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்குது. பிரெஞ்சில் 'ஷாத்தோ' என்ற ஒரே சொல் போர்க்கோட்டையையும் குறிக்கும், பிரபுக்களின் மாளிகையையும் குறிக்கும். போர்டோ பகுதியில் திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கும் அதே பெயர்தான்.

லுவார் ஆற்றுப் பகுதியின் புகழ்பெற்ற ஷாம்போர் இடைக்காலக் கோட்டை அல்ல. 1519-ல் முதலாம் பிரான்சுவா மன்னர் கட்டத் தொடங்கிய மறுமலர்ச்சிக் கால மாளிகை அது. அதன் கோபுரங்கள் அழகுக்காக, சண்டைக்காக அல்ல. போர்க்கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றால் 'ஷாத்தோ ஃபோர்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஃபோர்' என்றால் வலிமையான, அரண் கொண்ட என்று பொருள்.

இந்தக் கோட்டைகள் எப்படி உருவாயின, எப்படி அழிந்தன?

10, 11-ம் நூற்றாண்டுகளில் மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் மரக் கோபுரம் கட்டினார்கள். மரம் எரியும் என்பதால் படிப்படியாகக் கல்லுக்கு மாறினார்கள். 12, 13-ம் நூற்றாண்டுகளில் அகழி, தூக்குப் பாலம், வட்டக் கோபுரங்கள், அம்பு எய்யும் பிளவுகள் எல்லாம் சேர்ந்தன. மதில் உச்சியில் வெளிப்பக்கமாக நீட்டிக் கட்டிய மாடங்களின் அடியில் ஓட்டைகள் இருக்கும். கீழே நிற்கும் எதிரியின் தலையில் கல்லைப் போடத்தான் அவை.

சினிமாவில் வருவது போல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்களா? எண்ணெய் அன்று விலை உயர்ந்த பொருள். கல், கொதிநீர், சுண்ணாம்பு ஆகியவைதான் மலிவாகக் கையில் இருந்தவை.

15-ம் நூற்றாண்டில் பீரங்கி வந்ததும் உயரமான மதில்களுக்குப் பயன் குறைந்தது. அடுத்த அடி அரசிடமிருந்தே வந்தது. பிரபுக்கள் கலகம் செய்யாமல் இருக்க, எல்லையில் இல்லாத உள்நாட்டுக் கோட்டைகளை இடிக்கும்படி 1626-ல் அரச ஆணை வெளியானது. 1789 புரட்சிக்குப் பிறகு பல கோட்டைகள் கைமாறின. கட்டடக் கல்லுக்காக இடித்து விற்கப்பட்டவையும் உண்டு.

முதல் முறை போகிறவர்களுக்கு எந்தப் பகுதி ஏற்றது?

ஒரே இடத்தில் தங்கி நிறையப் பார்க்க வேண்டும் என்றால் தென்மேற்கில் உள்ள டோர்டோன் பள்ளத்தாக்கு நல்ல தேர்வு. சார்லா என்ற சிறு நகரத்தில் தங்கினால், சுமார் 15 கி.மீ. சுற்றளவுக்குள் இவை எல்லாம் வந்துவிடும்:

பெய்னாக்: ஆற்றிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் நிற்கும் 12-ம் நூற்றாண்டுக் கோட்டை. கீழே ஆற்றங்கரையிலிருந்து ஊர் படிப்படியாக மேலே ஏறுகிறது. கோட்டை தனியாருக்குச் சொந்தமானது. கட்டணம் கட்டிப் பார்க்கலாம்.

காஸ்டெல்னோ: ஆற்றின் எதிர்க்கரையில், பெய்னாக்கை முறைத்துக்கொண்டு நிற்கும் கோட்டை. உள்ளே இடைக்காலப் போர்முறை அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லெறி இயந்திரங்களை அன்றைய அளவிலேயே மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் முதலில் இங்கே போங்க.

லா ரோக் கஜாக்: ஆற்றுக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். அழகுக்குக் காரணமான அதே பாறைதான் ஆபத்தும். 1957-ல் பாறை சரிந்து வீடுகள் நொறுங்கின, உயிர்களும் போயின.

தோம்: 1281-ல் மூன்றாம் பிலிப் மன்னர் குன்றின் மேல் நிறுவிய மதில் சூழ்ந்த ஊர். 1307-ல் 'டெம்ப்ளர்' என்ற கிறிஸ்தவப் போர்த்துறவிகள் நாடு முழுக்கக் கைது செய்யப்பட்டபோது, சிலர் இந்த ஊரின் வாயில் கோபுரத்தில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் சுவரில் கீறியதாகக் கருதப்படும் உருவங்கள் இன்னும் இருக்கின்றன.

எதிரெதிரே ஏன் இரண்டு கோட்டைகள்?

1152-ல் அக்கித்தேன் பகுதியின் வாரிசான எலெனோர், ஹென்றி பிளான்டஜனெட்டை மணந்தார். 1154-ல் ஹென்றி இங்கிலாந்தின் மன்னரானார். அதனால் தென்மேற்கு பிரான்ஸின் பெரும்பகுதி இங்கிலாந்து அரச குடும்பத்தின் கைக்குப் போனது.

அந்த உரிமைச் சண்டை முற்றியதுதான் 1337 முதல் 1453 வரை விட்டுவிட்டு நடந்த நூற்றாண்டுப் போர். டோர்டோன் ஆறு பல காலம் இரு தரப்புக்கும் எல்லைபோல இருந்தது. பெய்னாக் பிரெஞ்சுப் பக்கம், காஸ்டெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். கடைசிப் பெரும் சண்டையும் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், காஸ்தியோன் என்ற இடத்தில் 1453 ஜூலையில் நடந்தது.

இரு தரப்பு மன்னர்களும் போட்டி போட்டுக்கொண்டு புதிய ஊர்களையும் உருவாக்கினார்கள். இவற்றுக்கு 'பாஸ்தீத்' என்று பெயர். கட்டம் கட்டமான தெருக்கள், நடுவில் சந்தைச் சதுக்கம், அதைச் சுற்றி வளைவுகளுடன் தாழ்வாரம். தோம் பிரெஞ்சு மன்னர் நிறுவியது. கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் மோன்பாசியே 1280-களில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் நிறுவியது. மக்களைக் குடியேற்றினால் வரி வரும், எல்லைக்குக் காவலும் கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

வேறு எங்கெல்லாம் பார்க்கலாம்?

தெற்கே ஸ்பெயின் எல்லைப் பக்கம் போனால் கார்கசோன். சுமார் 3 கி.மீ. நீள இரட்டை மதில், 52 கோபுரங்கள். 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மதிலுக்குள் இருக்கும் பழைய ஊருக்குள் நுழையக் கட்டணம் இல்லை, உள்கோட்டைக்குத்தான் டிக்கெட். 19-ம் நூற்றாண்டின் நடுவில் இந்த மதிலையே கைவிட்டு இடிக்க அரசு முடிவெடுத்தது. உள்ளூர் எதிர்ப்பால் அது நின்றது. 1853-ல் கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் சீரமைப்பைத் தொடங்கினார். கோபுரங்களுக்கு அவர் வைத்த கூம்புக் கூரை அந்த ஊருக்கு உரியதே அல்ல என்ற விமர்சனம் இன்றும் ஓயவில்லை.

அங்கிருந்து மலைப்பக்கம் பெய்ர்பெர்த்தூஸ், கெரிபுஸ் ஆகிய கோட்டைகள் பாறை முகடுகளில் நிற்கின்றன. 1659-ல் பிரான்ஸ் - ஸ்பெயின் எல்லை மேலும் தெற்கே நகர்ந்ததும் இவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. சற்று மேற்கே மோன்செகூர். போப்பின் திருச்சபை மதவிரோதிகள் என்று அறிவித்த காத்தர் பிரிவினர் இங்கே சுமார் 10 மாத முற்றுகையைத் தாங்கினார்கள். 1244 மார்ச் 16 அன்று, மதம் மாற மறுத்த 200-க்கும் மேற்பட்டோர் தீயிலிட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்று மலை உச்சியில் தெரியும் சுவர்கள் அதற்குப் பிறகு கட்டப்பட்டவை என்பது பல பயணிகளுக்குத் தெரியாது.

பாரிஸுக்குத் தெற்கே பர்கண்டியில் கெதெலோன் என்ற இடத்தில் இடைக்காலக் கோட்டை ஒன்றைப் புதிதாகவே கட்டுகிறார்கள். 1997-ல் தொடங்கிய வேலை இது. 13-ம் நூற்றாண்டின் கருவிகள்தான், மின்சார எந்திரம் கிடையாது. கல் உடைப்பது, மரம் இழைப்பது, சுண்ணாம்பு நீற்றுவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் பேர் பார்க்கிறார்கள், அந்த டிக்கெட் பணத்தில்தான் வேலை ஓடுகிறது. விளையாட்டுத் திட்டம் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயக் கூரை எரிந்தபோது, அதை மரத்தாலேயே மறுபடி அமைத்த தச்சர்களில் கெதெலோனில் கைப்பழக்கம் பெற்றவர்களும் இருந்தார்கள்.

'மிக அழகிய கிராமம்' என்ற பலகையை யார் தருகிறார்கள்?

ஊர் எல்லையில் 'பிரான்ஸின் மிக அழகிய கிராமங்களில் ஒன்று' என்ற பலகையைப் பார்ப்பீர்கள். இது அரசு விருது அல்ல. 1982-ல் கோலோஞ்ச் லா ரூஜ் என்ற செந்நிறக் கல் ஊரின் மேயர் ஷார்ல் செய்ராக் தொடங்கிய சங்கம் தருவது. அன்று 66 மேயர்கள் சேர்ந்தார்கள். இன்று சுமார் 180 ஊர்கள் உறுப்பினர்கள்.

தொடங்கிய காரணம் எளிமையானது. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன, பள்ளிகள் மூடப்பட்டன. முதல் உலகப் போரில் சுமார் 14 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் நினைவுத் தூணில் அந்தப் பெயர்கள் இருக்கும். இன்று அந்த ஊரில் வாழ்வோரின் எண்ணிக்கையையும் தூணில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஊர் எப்படிக் காலியானது என்பது அப்போது புரியும்.

பலகை பெற மூன்று அடிப்படை நிபந்தனைகள் உண்டு. மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டக் கூடாது. சட்டப் பாதுகாப்பு பெற்ற சின்னம் அல்லது இடம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகு நேரில் வந்து ஆய்வு செய்வார்கள். தரம் குறைந்தால் பலகையைத் திரும்பப் பெறுவதும் உண்டு.

பராமரிப்புச் செலவு யாருடையது?

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தனியாருக்குச் சொந்தம். மீதியில் பெரும்பகுதி சிறிய ஊராட்சிகளின் கையில். அரசு மானியம் தருகிறது, ஆனால் முழுச் செலவையும் ஏற்பதில்லை.

கோட்டை வாங்குவது கனவு, வைத்துக்கொள்வது வேறு கதை. காஸ்டெல்னோ கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மிலாந் மாளிகை இதற்கு உதாரணம். பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசஃபின் பேக்கர் 1947-ல் அதை வாங்கி, தத்தெடுத்த 12 குழந்தைகளை அங்கே வளர்த்தார். கடன் ஏறி, 1968-ல் மாளிகை ஏலத்தில் போனது. 2021-ல் பிரான்ஸ் அவருக்குப் பாரிஸின் பாந்தியோனில் இடம் கொடுத்துக் கௌரவித்தது.

இப்போது பணம் வரும் புதிய வழிகள் இரண்டு. ஒன்று, 2018-ல் தொடங்கிய 'பாரம்பரிய லாட்டரி'. வரலாற்றுச் சின்னங்களின் பெயரில் விற்கும் சீட்டுகளின் வருவாயில் ஒரு பங்கு, சிதிலமான கட்டடங்களுக்குப் போகிறது. இன்னொன்று இணையவழி நிதி திரட்டல். 1932-ல் தீக்கிரையாகி, உள்ளே மரம் முளைத்துக் கிடந்த லா மோத் ஷாந்தெனியே கோட்டையை 2017-ல் 18,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து வாங்கினார்கள். குறைந்தபட்சப் பங்கு 50 யூரோ.

சட்டமும் கடுமையாக இருக்கிறது. அடிப்படைச் சட்டம் 1913-ம் ஆண்டுடையது. 1943 முதல், சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் கட்டடம் கட்டவோ மாற்றவோ அரசின் கட்டடக் கலைஞர் கருத்துச் சொல்ல வேண்டும். ஜன்னல் கதவின் நிறம், கூரை ஓட்டின் வகை வரை அவர் கேள்வி கேட்கலாம். இந்தியாவில் மத்தியப் பாதுகாப்புச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று சட்டம் இருப்பதோடு இதை ஒப்பிடலாம். 1962-ல் வந்த இன்னொரு சட்டம், தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் பழைய நகரப் பகுதி முழுவதையும் காக்க வழி செய்தது. அதைச் செயல்படுத்திய முதல் ஊர்களில் ஒன்று சார்லா.

அப்படியானால் ஊர்க்காரர்களுக்கு லாபமா, நஷ்டமா?

இரண்டும் இருக்கு. ரோகமதூர் என்ற மலைச்சரிவு யாத்திரைத் தலத்தில் வாழ்வோர் சுமார் 600 பேர். அங்குள்ள 216 படிகளை ஏற ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் வரை வருகிறார்கள். சான் சிர் லாபோபியில் சுமார் 200 பேர்தான். 2012-ல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்களின் விருப்பக் கிராமமாகத் தேர்வான பிறகு, கோடையில் அதன் சந்துகளில் நடக்கவே இடம் இருப்பதில்லை.

வருமானம் வருகிறது, இடிந்த வீடுகள் எழுகின்றன. ஆனால் பல வீடுகள் விடுமுறை இல்லங்களாகிவிட, குளிர்காலத்தில் தெருவில் விளக்கு எரியும் ஜன்னல்கள் குறைகின்றன. நினைவுப் பொருள் கடை இருக்கும், ரொட்டிக் கடை இருக்காது.

பெய்னாக்கின் புறவழிச்சாலை வழக்கு இந்த முரண்பாட்டுக்கு நல்ல சாட்சி. பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரே ஒரு குறுகிய சாலை. கோடையில் வாகன நெரிசல் தாங்க முடியாமல், இரண்டு பாலங்களுடன் புறவழிச்சாலை கட்ட மாவட்ட நிர்வாகம் முடிவெடுத்தது. ஆற்றில் தூண்கள் எழும்பிய நிலையில், 2018 இறுதியில் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களுக்கு ஏற்படும் சேதத்தை நியாயப்படுத்தும் அளவுக்குப் பொது நலத் தேவை இல்லை என்று 2019-ல் அனுமதி ரத்தானது. கட்டியதை இடிக்கவும் உத்தரவு வந்தது. 2020-ல் நிர்வாகத்தின் மேல்முறையீடும் எடுபடவில்லை. நிலக்காட்சி தப்பியது என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது. தினமும் அந்தச் சாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கோ நெரிசல் அப்படியே நின்றது.

கூட்டம் எதையெல்லாம் அழிக்கும் என்பதற்கு அதே பகுதியில் பாடமும் இருக்கிறது. 1940-ல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகை ஓவியங்கள், பார்வையாளர்களின் மூச்சுக் காற்றால் கெடத் தொடங்கியதால் 1963-ல் மூடப்பட்டன. இன்று எல்லாரும் பார்ப்பது நகல் குகையைத்தான்.

இந்தியர்கள் எப்படிப் போவது?

விசா: ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். 180 நாள்களில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, இதில் மையத்தின் சேவைக் கட்டணம் சேராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போவதாக இருந்தால் தள்ளிப்போடாதீங்க.

போக்குவரத்து: பாரிஸிலிருந்து போர்டோவுக்கு அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயில் உண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு கிராமங்களுக்குப் பேருந்து குறைவு, கார் இருந்தால்தான் சுதந்திரம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. கிராமத்துச் சிறு சாலையிலிருந்து டிராக்டர் வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

காலம்: மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே விடுமுறையில் கிளம்பிவிடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பல கோட்டைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் 'பாரம்பரிய நாள்கள்' நடக்கும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் தனியார் கோட்டைகள் சிலவும் அன்று திறக்கும், பல இடங்களில் கட்டணம் இல்லை. 1984-ல் பிரான்ஸில் தொடங்கிய இந்த வழக்கம் பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது.

சாப்பாடு: மதியம் 12 முதல் 2 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அதன் பிறகு சமையலறை மூடிவிடும். சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோர்டோன் பகுதியின் பிரபலமான 'சார்லா உருளைக்கிழங்கு' வறுவல் வாத்துக் கொழுப்பில் செய்வது. கேட்காமல் வாங்க வேண்டாம். சனிக்கிழமை சார்லா சந்தையில் ஆட்டுப்பால் சீஸ், வால்நட், பழங்கள், ரொட்டி எல்லாம் கிடைக்கும்.

பணம்: 2024 பிப்ரவரியில் ஈபிள் கோபுரத்தில் யுபிஐ வந்தது உண்மைதான். அதை நம்பிக் கிராமத்துக்குப் போக முடியாது. கார்டோடு கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

இந்தியாவோடு தொடர்புள்ள கிராமம் ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் அது கோட்டை ஊர் அல்ல. வடக்கே நோவ் ஷாபெல் என்ற கிராமத்தில், முதல் உலகப் போரில் மேற்கு முனையில் இறந்து, கல்லறை கூட அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் நினைவிடச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1927-ல் திறக்கப்பட்டது. வடபகுதிக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

கடைசியாக, போகும்போது கவனிக்க வேண்டியவை

இவை அருங்காட்சியகங்கள் அல்ல, ஆட்கள் வாழும் ஊர்கள். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. ஜன்னல் அழகாக இருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். பகல் பத்து மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ போனால் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் இருக்காது.

முடிந்தால் ஒரு இரவாவது அந்த ஊரிலேயே தங்குங்கள். ரொட்டியை அங்கே வாங்குங்கள், காபியை அங்கே குடியுங்கள். ஒரு மணி நேரம் சுற்றிப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவரால் ஊருக்கு நெரிசல்தான் மிஞ்சும். தங்கிச் செலவழிக்கிறவரால்தான் அந்த ரொட்டிக் கடை குளிர்காலத்திலும் திறந்திருக்கும்.